ஸ்கொயர் பைப் அறுக்க எதை வாங்குவது

மாடியில் செடித்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்யலாம் என்று முக்கால் இஞ்ச் ஸ்கொயர் பைப் வாங்கி வந்து, கையிலிருந்த, இஞ்சுக்கு 18 பல் உள்ள பிளேடை ஆக்சா (இரும்பறுக்கும் கைரம்பம்) ஃபிரேமில் மாட்டி அறுக்க ஆரம்பித்தேன், நாலு இழுப்பிலேயே விளிம்பில் சிக்கி மூன்று பல் உடைந்துவிட்டது. அறுக்கும் கனத்தில் மூன்று பல்லாவது பதிய வேண்டும். பைப்பின் கனமோ ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இதற்கு இஞ்சுக்கு 32 பல் உள்ள பிளேடுதான் சரி, அதையும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கூடுதலாகப் பல் பதியும், அறுப்பு வழுக்கிக்கொண்டு போகும். பல்லின் முனை முன்னோக்கி இருக்கட்டும்.

சரி, கிரைண்டர்? இருபது முப்பது துண்டு அறுக்க வேண்டுமென்றால் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரும் அதில் மாட்டி அறுக்க 1 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் வீல் என்ற வட்டத் தகடும் வாங்குங்கள். மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல்கூட ஓடும், வீலில் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அந்த மெல்லிய வீலின் பக்கவாட்டில் பிசிறு தேய்க்காதீர்கள், உடைந்து தெறிக்கும். வீலை மறைத்திருக்கும் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்றி வைத்துவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

என்னைக் கேட்டால், கிரைண்டருக்கும் முன்னால் பைப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு நல்ல வைஸ் வாங்குங்கள். பைப் ஆடினால் எந்தக் கருவியும் நேராக அறுக்காது.