பெத்லகேம் சுவரோரம் ஒரு செபமாலை

பத்து நாள் புனித நாட்டுப் பயணத்தில் பெத்லகேமுக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு பிற்பகலும் ஓர் இரவும். அந்த இரவும்கூட, எருசலேமைவிட இங்கே விடுதி வாடகை குறைவு என்பதால் கிடைத்தது. பிறப்பு ஆலயத்தின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்து, குகைக்குள் இறங்கி, இயேசு பிறந்த இடத்தைக் குறிக்கும் 14 முனை வெள்ளி நட்சத்திரத்தை முத்தமிட்டு நிமிர்வதற்குள் பின்னால் நின்றவர் முதுகைத் தொட்டுவிட்டார். ஒலிவ மரச் சாமான் கடையில் மட்டும் யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

அங்கே ஒரு செபமாலை வாங்கினேன். கடைக்காரர் மீதி 5 ஷெக்கேலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நாளை எருசலேமுக்குத்தானே போகிறீர்கள்? இயேசுவின் திருக்கல்லறையில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்" என்றார். இவரே போகலாமே, பக்கத்து ஊர்தானே என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். பாலஸ்தீனரான அவர் எருசலேமுக்குள் போக இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். போன உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) மனைவிக்கு அது வந்ததாம், அவருக்கு வரவில்லையாம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரம். தென்னிந்தியாவின் மூலையிலிருந்து வந்த எனக்குத் தடையில்லை.

2019 தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது. இந்நேரம் எங்கள் பங்கில் சிலுவைப்பாதைக்கு மணி அடித்திருக்கும். இங்கே எங்கே நடக்கும் என்று கேட்டேன். "சுவருக்குப் போங்கள்" என்றார்.

போனேன். பெத்லகேமை எருசலேமிலிருந்து பிரிக்க இஸ்ரேல் எழுப்பிய, 8 மீட்டர் உயரக் கான்கிரீட். 2002 இல் கட்டத் தொடங்கியபோது, தற்கொலைத் தாக்குதல்களைத் தடுக்கவே என்றது இஸ்ரேல். ஆனால் சுவர் எல்லைக்கோட்டில் நிற்காமல் பாலஸ்தீன நிலத்துக்குள் வளைந்து நுழைகிறது. அது சட்டவிரோதம் என்று 2004 ஜூலையில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. சுவர் அசையவில்லை. அதே ஆண்டில்தான் அருகிலிருக்கும் காரித்தாஸ் குழந்தைகள் மருத்துவமனையின் அருள்சகோதரிகள் வெள்ளிதோறும் செபமாலையோடு சுவரோரம் நடக்கத் தொடங்கினார்கள்.

அன்று முப்பது பேர் இருந்திருப்போம். செபமாலையின் பத்து மணிகள் இத்தாலியத்தில், அடுத்த பத்து ஆங்கிலத்தில், அதற்கடுத்த பத்து அரபியில். எனக்கு அரபி தெரியாது. ஆனாலும் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது: "அஸ்ஸலாமு அலைகி யா மர்யம்." 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று நாம் சொல்லுமிடத்தில், 'மரியே, உமக்குச் சமாதானம்' என்கிறார்கள் இவர்கள். முழுச் செபமாலையையும் அரபியில் சொன்னால் 53 சலாம். சமாதானத்துக்கென்று தனியாக ஒரு வேண்டுதல் வைத்துச் செபிக்க வேண்டிய தேவையே இல்லாத மொழி!

பின்னாளில், காசாப் போர் தொடங்கிய பிறகு, திருத்தந்தை பிரான்சிஸ் ஒவ்வொரு நாளும் மாலையில் காசாவின் திருக்குடும்பப் பங்குக் கோயிலுக்குத் தொலைபேசியில் பேசுகிறார் என்று படித்தபோது, இந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. 2014 மே மாதம் பெத்லகேம் வந்த அவர், வண்டியை நிறுத்தி இறங்கி, நெற்றியைச் சாய்த்துச் செபித்ததும் இதே சுவரில்தான்.

நீதிக்கான மன்றாட்டை ஒரு மூதாட்டி சொன்னார். யாரையும் சபிக்கவில்லை. 2009 டிசம்பரில் இதே ஊரில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணமும் இப்படித்தான்: இஸ்ரேலின் ஆக்கிரமிப்பைப் பாவம் என்று துணிந்து சொல்லிவிட்டு, அதை அன்பால் எதிர்க்க வேண்டும் என்கிறது. அன்பை எழுதிவிடலாம், சுவரடியில் நின்று சொல்வது வேறு. அந்த மூதாட்டிக்குக் குரல் நடுங்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் யாக்கோபின் மனைவி இராகேலின் கல்லறை. விவிலியத்தில் பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுக்கும் அந்தத் தாயைப் பெத்லகேமிலிருந்து பிரித்து வளைத்துக்கொண்டு போகிறது கான்கிரீட். இந்தப் பக்கம் சுவரிலேயே 2010 இல் தீட்டிய மரியன்னை. சுவர்களை வீழ்த்தும் அன்னை என்பது பெயர். அவருக்கு முன்னால் வந்து நின்றோம். மற்றவர்கள் 'சல்வே ரெஜினா'வை லத்தீனில் பாட, எனக்கு வந்தது பாட்டி சொல்லித்தந்த, அதே செபத்தின் பழைய தமிழ்: "பரதேசிகளாய் இருக்கிற நாங்கள்..." நான் பத்து நாள் பரதேசி. பக்கத்தில் பாடியவர்கள் பிறந்த ஊரிலேயே அப்படி.

மறுநாள் காலை சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பஸ்ஸில் ஏறி, எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினார். கையில் தயாராக வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

திருக்கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அங்கே இடம் போதாது; எரிகிற திரிகளைக் கொஞ்ச நேரத்திலேயே அணைத்து அள்ளி எடுத்துவிடுகிறார்கள். குழுத் தலைவர் இரண்டு முறை கூப்பிட்டார். அதை எடுக்கும்வரை நான் நகரவில்லை.