உயர்த்திய ஹைலக்ஸில் முன்பக்கச் சத்தம்: கண்டுபிடிக்கப் பட்ட பாடு

சத்தம் ஒருவழியாகப் போய்விட்டது, எரிச்சல்தான் இன்னும் போகவில்லை. ஏனென்றால் போன கராஜ் எல்லாவற்றிலும் முதலில் கேட்ட பதில் இதுதான்: "தம்பி, தூக்கின வாகனம் என்றால் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும்." இப்படி யாராவது சொன்னால் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டு அங்குலம் உயர்த்தினால் கோணங்கள் மாறும், ஓட்டம் கொஞ்சம் இறுகும், அது சரி. ஆனால் "டொக்" என்று இரும்பு முட்டுகிற சத்தத்துக்குக் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும்.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் விகோ டபுள் கப். மாரியில் பூநகரி வயலுக்குள் இறக்க வேண்டியிருப்பதால் முன் ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினோம். கொஞ்சக் காலத்தில் இரண்டு சத்தம் தொடங்கியது. சின்னக் குழிகளில் மெதுவாகப் போனால் "கட கட". பிரேக் பிடிக்கும்போதும், ரிவேர்ஸ் எடுத்துவிட்டு முன்னுக்கு நகரும்போதும் கனத்த ஒரு "டொக்".

ஒரு கராஜில் ரக் எண்ட், போல் ஜொயின்ட் என்று ஸ்டியரிங், சில்லு மூட்டுகளையெல்லாம் மாற்றினார்கள், காசு போனது, சத்தம் அப்படியே. இன்னொரு இடத்தில் நாலு சில்லும் தொங்கத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஷொக்குக்கு மேலே உள்ள பெயாரிங் போய்விட்டது என்று விலையும் சொன்னார்கள். இந்த வாகனத்தின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆம்கள் (இரும்புக் கைகள்) வாகனச் சட்டத்தோடு பிடித்திருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஷொக் கூடவே திரும்புவதில்லை, அப்படி ஒரு பெயாரிங்கே அதில் கிடையாது! அதோடு சில்லுகள் தொங்கும்போது ஆம்கள் கீழே இழுபட்டு இறுகி நிற்கும், பாரத்தோடு நிற்கையில் தெரிகிற ஆட்டம் அப்போது மறைந்துவிடும்.

கடைசியில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்) தான் முறையாகப் பார்த்தார். வாகனம் நிலத்தில் நிற்க, என்னை உள்ளே இருத்தி ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு, ரை ரொட் எண்ட், ரக், ஸ்டியரிங் தண்டின் மூட்டு என்று ஒவ்வொன்றிலும் கையை வைத்துக்கொண்டே போனார். காதுக்குப் பிடிபடாத ஆட்டம் கைக்குத் தெரிந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை. பிறகு, வளைவில் வாகனம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்கை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓடினோம் (அது இல்லாமல் வாகனம் சாயும், வேகம் வேண்டாம்). "கட கட" நின்றுவிட்டது. உயர்த்திய பிறகு லிங்க் கோணலாக நின்று அதன் மூட்டுத் தேய்ந்திருக்கிறது.

"டொக்" மட்டும் மிச்சம். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்ற, அவர் பக்கவாட்டில் நின்று ரோச் லைட் அடித்துப் பார்த்தார். கீழ் ஆம் அப்படியே முன்பின்னாக நகர்கிறது, அது செசியோடு (வாகனச் சட்டத்தோடு) பொருந்தும் இடத்து ரப்பர்ப் புஷ் கிழிந்திருக்கிறது. உயர்த்தியவர்கள் ஆம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டியிருப்பது, தொங்கும் நிலையில் இறுக்கினால் பாரம் ஏறியதும் எந்நேரமும் முறுகியபடியே இருக்கும், அப்புறம் கிழியத்தானே செய்யும். உயர்த்தும் வேலை கொடுப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அந்தப் போல்ட்டுகளின் கடைசி இறுக்கு, சில்லு நிலத்தில் நின்று பாரம் ஏறிய பிறகுதான்.

சாமான் எடுப்பது தனிக் கதை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய வாகனங்கள் 2025இல்தான் திரும்ப வரத் தொடங்கின, அதனால் எல்லோரும் பழையதையே திருத்தி ஓடுகிறோம், நல்ல புஷ்ஷுக்குக் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேட வேண்டியதாகிவிட்டது. பஸ்ஸில் வந்த பார்சலைப் பிரித்தால் எல்லாம் முன்பக்கப் புஷ். கீழ் ஆமுக்கு முன் புஷ் வேறு, பின் புஷ் வேறு. போனில் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கடைக்காரர் தன் பிழையை ஒத்துக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்புகிற செலவும் என் தலையில். செசி நம்பரோடு பழைய புஷ் இரண்டின் படத்தையும் அனுப்பி, அவர்கள் எடுத்து வைத்த சாமானின் படத்தை வாங்கிப் பார்த்த பிறகு காசு போடுங்கள்.

புஷ் ஏற்றி, அலைன்மென்ட் செய்ததும் கீழ் ஆமைப் பிடிக்கும் கேம் போல்ட்டின் (இதைத் திருப்பித்தான் சில்லின் கோணத்தைச் சரிசெய்வது) தட்டிலிருந்து செசி வரைக்கும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார் பாஸ். கோடு விலகினால் போல்ட் நழுவுகிறது என்று படுத்துப் பார்க்காமலே தெரியும். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி வயல்வரை கொண்டுபோய் வந்தாயிற்று, கோடு நேராகத்தான் இருக்கிறது. வளைவு முடிந்து ஸ்டியரிங் திரும்பி வருவது மட்டும் இன்னும் மந்தம். உயர்த்தியதால் காஸ்டர் (ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் சாய்வுக் கோணம்) குறைந்துவிட்டது, கேமைத் திருப்பக்கூடிய எல்லையும் முடிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மேல் ஆமை மாற்ற வேண்டும், காசு சேர்ந்ததும் அந்த வேலை.