சான் ஆன்டோனியோ: சர்ச் பாக்கப் போய் வாய்க்கால் பாத்துட்டு வந்த கதை

மொதல்ல அந்த பஸ்ஸத் திட்டிக்கறேன், அப்புறம் ஊரப் பத்திப் பேசலாம். டல்லாஸ்ல இருந்து சான் ஆன்டோனியோவுக்கு (ரெண்டும் அமெரிக்காவுல டெக்சாஸ்தான்) சனிக்கிழம ராத்திரி பதினொன்னரைக்கு பஸ், டிக்கெட் 24 டாலர்தான்னு சந்தோஷமா புக் பண்ணேன், வந்ததே ஒன்னேமுக்காலுக்கு. உள்ள ஏசிய அப்படி வச்சிருந்தாங்க, மே மாசத்துல துண்டத் தலையில கட்டிக்கிட்டு சபரிமலைக்குப் போறவன் மாதிரி உக்காந்திருந்தேன். பக்கத்து சீட்டு ஆளு வழி பூரா ஸ்பீக்கர்ல வீடியோ கால்.

காலைல எறங்கினதும் பசி. ஞாயித்துக்கெழமைன்னா இந்த ஊர்ல பார்பகோவா. மாட்டுத் தலைக்கறிய மெதுவா வேகவச்சு, நார் நாரா பிச்சு, டார்ட்டியான்னு சொல்ற சூடான சோள ரொட்டியில வச்சு வெங்காயம், கொத்தமல்லி, பச்ச சால்சா, எலுமிச்ச. கூட பிக் ரெட்னு ஒரு செவப்பு சோடா, பாக்க எங்க ஊர் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும், வாசனை பபுள்கம். சோடா எனக்குப் புடிக்கல. ஆனா அந்தக் கறி... வாய்ல வச்சதும் கரையுது சார். ரெண்டு டாக்கோன்னு போயி அஞ்சு சாப்ட்டேன், மத்தியான பட்ஜெட் அங்கயே காலி.

இந்த ஊர்ல பேர் போன பழைய கட்டடம் அலமோ. அங்க எல்லாரும் 1836ல டெக்சாஸ்காரங்க மெக்சிகோ படையோட போட்ட சண்டைக்காகத்தான் வராங்க, பீரங்கி, தொப்பி, போட்டோ. கட்டடம் இவ்ளோ சின்னதான்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. ஆனா இது கோட்டையா கட்டினதே இல்ல. 1718 மே 1ஆம் தேதி ஒலிவாரெஸ்ங்கற பிரான்சிஸ்கன் சாமியார் ஆரம்பிச்ச மிஷன், அதாவது உள்ளூர் ஜனங்கள மதம் மாத்தி அங்கயே குடிவைக்கற சர்ச் குடியிருப்பு, பேரு சான் அன்டோனியோ டி வலேரோ. வலேரோங்கறது அப்ப மெக்சிகோவுல இருந்துக்கிட்டு ஸ்பெயினுக்காக இந்தப் பக்கத்த ஆண்ட வைஸ்ராய் பேரு. பணம் சாங்ஷன் பண்றவர் பேரையும் புனிதர் பேரோட சேத்து வச்சாச்சு, நம்ம ஊர் கல்வெட்டுல உபயதாரர் பேர் போடற மாதிரி. நாலு நாள் கழிச்சு பக்கத்துலயே ராணுவ முகாம். ஏன்னா லூசியானா பக்கத்துல இருந்து பிரெஞ்சுக்காரன் வந்துருவான்னு ஸ்பெயினுக்கு பயம். கிழக்கு டெக்சாஸ்ல 1716லயே மிஷன் வச்சுட்டாங்க, தெக்க ரியோ கிராண்டே ஆத்துல இருந்து அங்க போக நடுவுல தங்க ஒரு எடம் வேணும். சாமி, சிப்பாய் எல்லாம் ஒரே பேக்கேஜ். மொதல் கட்டடம் குச்சியும் மண்ணும் வச்ச குடிசதான்.

அங்க ஏற்கனவே பயாயான்னு பழங்குடி ஜனங்க இருந்தாங்க, ஊரு பேரு யனகுவானா. அவங்க மிஷன்ல "வந்து சேர்ந்தார்கள்"னு போர்டுல நைசா போட்டிருக்கான். வடக்க இருந்து அப்பாச்சிங்கற இன்னொரு பழங்குடியோட தாக்குதல், தெக்க இருந்து ஸ்பானிஷ்காரன், நடுவுல அம்மை, அவங்களுக்கு வேற எங்க போக்கு? மணி அடிச்சா ஜெபம், மணி அடிச்சா வேல, ஓடிப்போனா சிப்பாய் தேடிப் புடிச்சுட்டு வருவான். 1739ல தொத்துநோய் வந்து ஏகப்பட்ட பேர் செத்துட்டாங்க. இத ஓரமா சின்ன எழுத்துல போட்டிருக்கறது எனக்குக் கடுப்பா இருந்துச்சு.

மத்த மிஷன்களப் பாக்க சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஆத்தோரமா கெளம்பினேன். கன்செப்சியன் பாத்தாச்சு. சான் ஹோசே பெருசு, மதியம் பூசைக்கு மரியாச்சின்னு மெக்சிகோ பேண்டு வாசிக்கறாங்க, டிரம்பெட் சத்தத்துல கல்செவுரே அதிருது. 1720ல மர்கில் சாமியார் இத ஆரம்பிக்கறப்ப, எங்க மிஷனுக்கு இவ்ளோ கிட்டத்துல இன்னொன்னான்னு ஒலிவாரெஸ் சண்டைக்கே வந்துட்டாராம். எதிர்லயே இன்னொரு டீக்கடை போட்டா வர்ற அதே சண்ட.

எனக்கு உண்மையில புடிச்சது கடைசியில இருக்கற எஸ்பாடா. 1731ல கிழக்க இருந்து இங்க மாத்தின மூணு மிஷன்ல ஒன்னு. சர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி, ஓடைக்கு மேல ரெண்டு வளைவு வச்சு ஒரு கல்லுப் பாலம், மேல தண்ணி போகுது. மாத்தூர் தொட்டிப்பாலத்தோட குட்டித் தம்பி! 1740கள்ல கட்டினது, இன்னிக்கும் ஓடுது. ஆத்துல அணை, அங்கேர்ந்து வாய்க்கால், அந்தக் காலத்துல ஊர் பூரா மொத்தம் ஏழு வாய்க்கால், அஞ்சு அணை, 15 மைல், சுமார் 3,500 ஏக்கர் பாசனம். இந்த ஊர்ல நெலத்தையும் தண்ணியையும் சீட்டுப் போட்டுக் குடுத்தாங்க, ஒரு நாள் தண்ணியில பாயற நெலத்துக்குப் பேரு சுவெர்தே, அதாவது அதிர்ஷ்டம். கடைமடைக்காரன் எனக்கு இத வெளக்கணுமா? சர்ச்ச கல்லுல முடிக்க வருஷக்கணக்கா ஆச்சு, வாய்க்கால் வெட்டலன்னா மொத வருஷமே பட்டினி. ஊர நிறுத்தினது இந்தத் தண்ணிதான், அத வெட்டினது அந்தப் பயாயா மாதிரி ஜனங்க கைதான்.

போட்டோவ அப்பாவுக்கு அனுப்பினேன். சர்ச்சப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. "மதகு எங்கடா? மொற யாரு பாக்கறா?"ன்னுதான் பதில்.

திரும்பறப்ப சைக்கிள் பஞ்சர். ஆப்ல வண்டியே காட்டல, ஒரு வேன்காரர் 40 டாலர் கேட்டார், வெயில்ல பேரம் பேசத் தெம்பில்லாம 35க்கு ஏறி சைக்கிளயும் பின்னாடி போட்டேன். மிஷன் நாலுக்கும் டிக்கெட் கெடையாது, அதுல மிச்சம் புடிச்சத இவரு வாங்கிட்டார். பஸ் லேட்டுக்கு ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல.