கிராஜுவிட்டி அப்பீல்ல டெபாசிட் சர்டிபிகேட் பாக்காம எந்த வாய்தாவும் வாங்காதீங்க

லேபர் சைடு ப்ராக்டீஸ் பண்ற ஜூனியர்ஸ் யாராவது படிச்சா உபயோகமா இருக்கும்னுதான் எழுதறேன், இன்னும் கடுப்பு அடங்கல. கிளையண்ட் ஒரு ஸ்பின்னிங் மில்லுல 22 வருஷம் வேலை பாத்த அம்மா, கடைசி சம்பளம் 13,000. 15/26 கணக்குல (மாசத்துக்கு 26 நாள்னு வெச்சு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்) பாத்தா 1,65,000 ரூபா கிராஜுவிட்டி வரணும். மில்லுக்காரங்க "இவங்க காண்ட்ராக்ட் ஆளு"ன்னு சாதிச்சாங்க. அந்தம்மா ஒரு மஞ்சப்பைல பழைய இஎஸ்ஐ கார்டும் பிஎஃப் ஸ்லிப்பும் பத்திரமா வெச்சிருந்தாங்க, ரெண்டுலயும் மில்லு பேருதான். கிராஜுவிட்டி கேஸை முதல்ல விசாரிக்கற அதிகாரியான கன்ட்ரோலிங் அதாரிட்டி கிட்ட 10% வட்டியோட ஆர்டர் ஆயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. ரொம்ப நாள் கழிச்சு மில்லுக்காரங்க போட்ட அப்பீலோட நோட்டீஸ் வருது, ஃபைல்ல எடுத்துக்கிட்டு நம்பரெல்லாம் போட்டு. 1972 கிராஜுவிட்டி சட்டத்துல செக்ஷன் 7(7) தெளிவா சொல்லுது, முதலாளி அப்பீல் போட்டா கூடவே கிராஜுவிட்டி பணத்தைக் கட்டணும், இல்ல கன்ட்ரோலிங் அதாரிட்டிகிட்ட கட்டுன சர்டிபிகேட்ட வெக்கணும், இல்லாட்டி அட்மிட்டே பண்ணக்கூடாது. கட்டுனாங்களான்னு பாக்க ஃபைல் கேட்டா செக்ஷன் கிளார்க் நிமிந்து கூட பாக்கல, "ஃபைல் சார் டேபிள்ல இருக்கு மேடம், அடுத்த வாரம் வாங்க". அடுத்த வாரம் போனா அவர் லீவு. அப்புறம் போனா "வக்காலத்து (கிளையண்ட்டுக்கு நாமதான் வக்கீல்னு குடுக்கற பேப்பர்) போட்டாதான் காட்டுவேன்"ங்கறார், நான் வக்காலத்து போட்ட ஸீல் அவர் கை வெச்சிருந்த ரிஜிஸ்டர்லயே இருக்கு! வாயால கேட்டுட்டே இருக்கறது வேஸ்ட்னு இன்ஸ்பெக்ஷனுக்கும் காப்பிக்கும் எழுதிக் குடுத்து என் நகல்ல தேதியோட சீல் வாங்குன பிறகுதான் ஃபைல் வெளிய வந்துச்சு. நீங்க முதல் நாளே இதைப் பண்ணிடுங்க.

உள்ள பாத்தா சர்டிபிகேட்டே இல்ல, ஒரு செக்கோட ஜெராக்ஸ் மட்டும் பின் பண்ணி வெச்சிருக்காங்க. ஜெராக்ஸ வெச்சு நம்பர் போட்டுட்டாங்க, இத்தனை நாள் அந்தம்மா பஸ் ஏறி வந்து பெஞ்சுல உக்காந்துட்டு "எப்ப அம்மிணி வரும்"னு கேட்டுட்டு போயிருக்காங்க!

உடனே இந்த அப்பீலே செல்லாதுன்னு மெயின்டெய்னபிலிட்டி மெமோ போட்டேன். அடுத்த வாய்தாவுல எதிர்த்தரப்பு டிடி எடுத்துட்டு வந்துட்டாங்க, ஆனா அதுக்குள்ள அப்பீலுக்கான 60 நாளும் போச்சு, அதுக்கு மேல குடுக்கக்கூடிய இன்னொரு 60 நாளும் போச்சு. 120 தாண்டினா அப்பீல் அதாரிட்டிக்கு டிலே கண்டோன் பண்ற (தாமதத்தை மன்னிக்கற) பவரே இல்ல, இதை மட்டும்தான் ஆர்க்யூ பண்ணேன், கேஸோட மெரிட்ஸ் (அவங்க காண்ட்ராக்ட் ஆளா இல்லையாங்கறது) பக்கமே போகல. அப்பீல் ரிஜெக்ட். அன்னைக்கு வந்த சந்தோஷம் பெரிய கேஸ் ஜெயிச்சப்பகூட வந்ததில்ல.

அப்பீல் ரிஜெக்ட் ஆனதும் பணம் தானா வந்துடாது, செக்ஷன் 8ல ரெக்கவரி சர்டிபிகேட் கேட்டு மனு போடணும், அது கலெக்டருக்குப் போயி நிலவரி பாக்கி மாதிரி வசூல் ஆகணும். அதுல மில்லோட ரிஜிஸ்டர்டு ஆபீஸ் அட்ரஸ் வேற மாவட்டம்னு தாலுகா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. சொத்து எங்க இருக்கோ அந்த அட்ரஸ் சர்டிபிகேட்ல வந்துருக்கான்னு வாங்கும்போதே பாத்துக்கோங்க. அட்ரஸ் திருத்தி மறுபடி போனதும் மில்லுலயிருந்து ஆளே வந்து டிடி குடுத்தாங்க.

அதுலயும் ஒரு வேலை. வட்டிய அப்பீல் போட்ட தேதியோட நிறுத்தியிருந்தாங்க. 7(3A) படி பணம் குடுக்கற தேதி வரைக்கும் வட்டி உண்டு. "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி கையெழுத்து போட்டு வாங்க வெச்சேன், "முழுவதும் பைசல்"னு டைப் பண்ணி வந்த ரசீதுல யாரையும் கையெழுத்து போட விடாதீங்க. மீதி வட்டிக்கு மனு போட்டாச்சு, நம்பர் ஆயிடுச்சு.

இதெல்லாம் பழைய சட்டத்து கேஸ். 2025 நவம்பர் 21ல இருந்து சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துடுச்சு, புதுசா போடறவங்க செக்ஷன் நம்பர் அதுல பாத்து எழுதுங்க, இல்லாட்டி அதுக்கே மனுவை ஒரு தடவை ரிட்டர்ன் போடுவாங்க.