டி.எஸ்.பி.ஓ ஆன்டிபாடி வாங்கும் முன் ஜர்காட் செல்லைத் தேடுங்கள்

மனித அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேலுள்ள ஹார்மோன் சுரப்பி) செல்களில் டி.எஸ்.பி.ஓ (TSPO) என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் பிஎச்.டி வேலையில் ஒரு சின்னப் பகுதி. சின்னப் பகுதி என்று கைடு மேடம் சொன்னதுதான், அது பாட்டுக்கு ஒரு செமஸ்டரை விழுங்கிவிட்டது. அதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1977இல் எலியின் சிறுநீரகத்தில் டயசிபாம் (பென்சோடயசெபின் வகை மருந்து) போய் ஒட்டும் இடமாக முதலில் கண்ணில் பட்ட புரதம் இது. மூளைக்கு வெளியே இருந்ததால் 'பெரிபெரல் பென்சோடயசெபின் ரிசெப்டர்' என்று அழைத்தார்கள். 2006இல்தான் டி.எஸ்.பி.ஓ என்று பெயர் மாறியது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச் சவ்வில் உட்கார்ந்திருக்கும். ஸ்டீராய்டு ஹார்மோன் உண்டாக, கொலஸ்ட்ரால் வெளிச் சவ்விலிருந்து உள் சவ்வுக்குப் போக வேண்டும். அங்கேதான் அதை வெட்டி ப்ரெக்னெனலோன் ஆக்கும் என்சைம் இருக்கிறது. அந்தக் கடத்தலுக்கு டி.எஸ்.பி.ஓதான் வாசல் என்று பல வருடம் பாடப் புத்தகங்களிலேயே இருந்தது. 2014இல் இந்தப் புரதத்தின் ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகள் நன்றாக வளர்ந்து, ஸ்டீராய்டும் வழக்கம்போல் சுரந்ததாகக் கட்டுரைகள் வரவே, பெரிய சண்டை கிளம்பியது. சண்டையில் யார் பக்கம் நின்றாலும் சரி, 'இந்தச் செல்லில் டி.எஸ்.பி.ஓ இருக்கிறது' என்று சொல்ல, அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து ஒட்டும் நம்பகமான ஆன்டிபாடி வேண்டும்.

எங்கள் லாப் ஃப்ரீசரில் ஏற்கெனவே ஒரு பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகள் கலந்தது) கிடந்தது. வெஸ்டர்ன் பிளாட்டில் (செல் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) போட்டுப் பார்த்தால், டி.எஸ்.பி.ஓவின் எடையான 18 கிலோடால்டன் பக்கத்தில் அழகான பேண்ட் (கோடு). எல்லோருக்கும் சந்தோஷம். சீனியர் அக்கா ஒருவர் மட்டும், "ஜர்காட் லைசேட் ஒரு லேன் போடு, அப்புறம் பேசலாம்" என்றார். லைசேட் என்றால் செல்லை உடைத்து எடுத்த புரதக் கரைசல்; லேன் என்றால் ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் பாதை. ஜர்காட் என்பது மனித டி-செல் லுக்கிமியா (ரத்தப் புற்றுநோய்) செல் லைன். அதில் டி.எஸ்.பி.ஓ இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. எம்.டி.ஏ-எம்.பி-231 என்ற மார்பகப் புற்றுநோய் செல்லில் ஏராளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால், நல்ல ஆன்டிபாடி ஒன்றில் கறுப்பும் மற்றதில் வெறுமையும் காட்ட வேண்டும். எங்கள் பாலிகுளோனல் இரண்டிலும் ஒரே மாதிரி பேண்ட் காட்டியது. செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) மட்டும் போட்ட மெம்பரேன் சுத்தமாக இருந்ததால், பழியை அதன் மேல் போடவும் வழியில்லை.

ஆக, புதிது வாங்க வேண்டும். 100 மைக்ரோலிட்டருக்கு ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி விலை. மூன்று கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டி என்று அந்தப் படலம் உங்களுக்கே தெரியும். காத்திருந்த நேரத்தில் டேட்டாஷீட்களை வரிவரியாகப் படித்தேன். மனிதன், எலி, சுண்டெலி என்று பட்டியலில் இருந்தாலும், சிலவற்றில் உண்மையில் சோதித்தது மனிதன் மட்டுமே; மற்றவை அமினோ அமில வரிசை ஒத்துப்போகிறது என்ற கணிப்பு. டி.எஸ்.பி.ஓ விஷயத்தில் இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. மனிதப் புரதத்தைப் பிடிப்பது சுண்டெலியில் பிடிக்காமல் போகலாம். கடைசியில், ஜீனை நீக்கிய செல்லில் பேண்ட் மறைவதைப் படமாகவே போட்டிருந்த ஒரு ரீகாம்பினன்ட் (ஜீனிலிருந்து லாபில் தயாரித்த) முயல் மோனோகுளோனலை (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் உள்ளது) தேர்ந்தெடுத்தோம். பெட்டி வந்தபோது ஜெல் பேக் முழுக்க உருகியிருந்தது. கிளிசரால் கலந்த ஆன்டிபாடி ஓரிரு நாள் தாங்கும் என்றார் டீலர். அது சரிதான், ஆனாலும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டோம். வந்த அன்றே சின்னச் சின்ன அலிக்வாட்களாகப் பிரித்து மைனஸ் 20இல் வைத்துவிடுங்கள். தானே பனி உருக்கிக்கொள்ளும் வீட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம்.

முதல் பிளாட்டில் ஒன்றுமே தெரியவில்லை. சாம்பிள் ஊற்றும் வெல்லின் (ஜெல் குழியின்) வாயில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. இந்தப் புரதம் சவ்வை ஐந்து முறை கடக்கிறது, உடம்பு முழுக்க எண்ணெய்த்தன்மை. சாம்பிள் பஃபரில் வழக்கம்போல் 95 டிகிரியில் கொதிக்கவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜெல்லுக்குள் இறங்க மறுக்கும். கொதிக்கவைப்பதை விட்டுவிட்டு 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தபோது கீழே இறங்கி வந்தது. ஜெல் 15 சதவீதம். மெம்பரேன் 0.45 மைக்ரான் வேண்டாம், 0.2 மைக்ரான் பி.வி.டி.எஃப் போடுங்கள், சின்னப் புரதம் பெரிய துளை வழியாக மறுபக்கம் போய்விடும். ட்ரான்ஸ்ஃபரை இரவு முழுக்க ஓட்டாதீர்கள். முடிந்ததும் புரதத்தைக் காட்டும் பான்சோ சாயத்தில் முக்கிப் பாருங்கள்: 15 கிலோடால்டன் மார்க்கர் பக்கம் இளஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தால்தான் மேற்கொண்டு போக வேண்டும். தெரியாவிட்டால் ஆன்டிபாடியை வீணாக்க வேண்டாம்.

லோடிங் கன்ட்ரோலிலும் (எல்லா லேனிலும் ஒரே அளவு சாம்பிள் போட்டோம் என்று காட்டும் இன்னொரு புரதம்) ஒரு சிக்கல். மைட்டோகாண்ட்ரியா என்றதும் எல்லோரும் காக்ஸ்-4 எடுப்பார்கள். அது 17 கிலோடால்டன், நம்முடையது 18. ஒரே மெம்பரேனில் எது எது என்று சொல்லவே முடியாது. 32 அருகே ஓடும் வி.டி.ஏ.சி என்ற மைட்டோகாண்ட்ரியா புரதத்துக்கு மாறினோம். 36 பக்கம் சில நாள் தலைகாட்டும் மங்கலான பேண்ட் இரட்டையாக ஒட்டிய டி.எஸ்.பி.ஓவாக இருக்கலாம். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. எம்.டி.ஏ லேனில் தடித்த பேண்ட், ஜர்காட் லேனில் வெற்றிடம், எங்கள் அட்ரீனல் செல் இரண்டுக்கும் நடுவில். இது போதும் என்று எனக்குப் பட்டது. கைடு மேடத்துக்குப் படவில்லை. வெவ்வேறு செல்களில் வேறு ஆயிரம் புரதங்களும்தான் மாறும் என்றார், நியாயம்தான். அதனால் அட்ரீனல் செல்லிலேயே எஸ்.ஐ.ஆர்.என்.ஏ (ஒரு ஜீனின் புரத உற்பத்தியைத் தடுக்கும் சிறு ஆர்.என்.ஏ) போட்டு டி.எஸ்.பி.ஓவைக் குறைத்தோம். இரண்டு நாளில் பெரிய வித்தியாசமில்லை. மூன்றாம் நாள் பேண்ட் நன்றாகவே மெலிந்தது, வி.டி.ஏ.சி அப்படியே நின்றது. மைக்ரோஸ்கோப்பில் ஆன்டிபாடியின் பச்சை ஒளிர்வு, மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சாயமேற்றும் மைட்டோட்ராக்கரின் சிவப்போடு சேர்ந்து விழுந்ததைப் பார்த்தபிறகுதான் அவர் கட்டுரையில் படத்தைச் சேர்க்கச் சம்மதித்தார்.

ஒரு வேலை பாக்கி. எம்.டி.ஏ, ஜர்காட் லைசேட்களைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்து, பிரித்து மைனஸ் 80இல் வைத்திருக்கிறோம். குப்பியில் உள்ள லாட் நம்பர் நோட்டில் எழுதியாயிற்று. அடுத்த லாட் வரும் அன்று, வேறெந்தச் சாம்பிளுக்கும் முன்னால் இந்த இரண்டு லேன்களும் ஓடும். செல் லைன் இல்லாதவர்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கேட்டுப் பாருங்கள். ஆன்டிபாடி ஆர்டரோடு சேர்த்தே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.