ட்ரைசூட்டை உலர்த்துவதும் எடுத்து வைப்பதும்

மேற்கு நார்வேயின் ஃபியோர்டுகளில், அதாவது நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழிகளில், முக்குளிப்பவர்களுக்கு ட்ரைசூட் எனும் நீர்புகா முழுவுடை ஆடம்பரப் பொருள் அன்று. ஆகஸ்டு மாதத்தில் மேல்நீர் 15 டிகிரி செல்சியஸை எட்டினாலும், 30 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினால் குளிர் குறைவதில்லை. குளிர்காலத்தில் மேல்நீரே 5 டிகிரி அளவுக்கு வந்துவிடும். அதனால் வார இறுதிகளில் கடலுக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய அனைவரிடமும் ஒரு ட்ரைசூட் இருக்கிறது. நானும் என் நண்பர்களும் கரையில் நின்று பேசும்போது அதன் விலை, தைப்பு, வெப்பம் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். அதை வீட்டில் எப்படி உலர்த்துகிறோம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலான சூட்டுகள் கெட்டுப்போவது கடலில் அல்ல, வீட்டுச் சேமிப்பறையில்தான்.

வெளியே கட்டிய உப்பைக் கழுவுவதில் எல்லோரும் அக்கறை காட்டுகிறார்கள், உட்புறத்தை மறந்துவிடுகிறார்கள். கடல்நீரை உள்ளே விடாத துணி, உடலின் வியர்வையையும் வெளியே விடுவதில்லை. உடல் விடும் ஈரக்காற்று, குளிர்ந்த நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணியின் உட்பக்கத்தில் பட்டு நீராக மாறி, கீழே வழிந்து பூட்ஸில் தேங்குகிறது. கரையேறியதும் சிலர் இதைப் பார்த்துவிட்டு, சூட் ஒழுகுகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கசிவு என்றால் ஈரம் ஓரிடத்தில் திரண்டிருக்கும்: மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஒரு கோடாகவோ, ஜிப்பின் முனையைச் சுற்றி ஒரு திட்டாகவோ தெரியும். வியர்வை அப்படியில்லை, மெல்லியதாக எங்கும் பரவி, பாதங்களில் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு சொட்டுக் கடல்நீர்கூட உள்ளே புகாத நாளிலும் உட்புறத்தை உலர்த்தியே ஆக வேண்டும்.

கழுவும்போது முதலில் ஜிப்பை முழுவதும் மூடிவிட்டு, வெளிப்புறத்தை நன்னீரில் நனைக்க வேண்டும். சூட்டுக்குள் காற்றை விடும் மார்பிலுள்ள காற்று வால்வையும், அதை வெளியே விடும் இடது மேற்கையிலுள்ள வெளியேற்று வால்வையும் தனியாகக் கவனிப்பது நல்லது. காற்று வால்வின் பொத்தானடியில் உப்புப் படிகம் சேர்ந்தால், அழுத்திய பொத்தான் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். அப்போது சூட்டில் காற்று நிறைந்துகொண்டே போய், ஆளைக் கட்டுப்பாடின்றி மேலே தூக்கிவிடும். வெளியேற்று வால்வை முழுவதும் திறந்த நிலைக்குத் திருகி, நீரை மெதுவாக ஓடவிடலாம். உள்ளே அணியும் கம்பளி உடையிலிருந்து உதிரும் நூலிழைகள் இந்த வால்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அது முழுமையாக மூடாதபடி செய்வதுண்டு.

உலர்த்துவதில் வரிசை முக்கியம். முதலில் வெளிப்புறம் காய வேண்டும். ஜிப்பைத் திறந்து, ஒரு தடித்த கம்பின்மீது கால்கள் ஒருபுறமும் உடற்பகுதி மறுபுறமுமாகப் போட்டுவிட்டால் போதும். வெளிப்புறம் காய்ந்தபின் சூட்டை உட்புறம் வெளியே வருமாறு புரட்ட வேண்டும். கைகளும் உடற்பகுதியும் எளிதாகப் புரளும். பூட்ஸ் புரளாது, சிக்கல் முழுவதும் அங்கேதான். குழாய்போன்ற காலின் அடியில் அடைபட்ட ஈரக்காற்றுக்கு வெளியேற வழி கிடைப்பதில்லை. செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அது நனைந்ததும் மாற்றி மாற்றி வைப்பது பழைய வழி. இன்றும் அது நன்றாகவே பயன்படுகிறது. சூடாக்காத காற்றை ஒரு சிறு மின்விசிறியிலிருந்து நெகிழ்குழாய் வழியாகப் பாதம்வரை செலுத்துவது அதைவிட விரைவானது. மேலிருந்து விசிறியைக் காட்டினால் முழங்கால்வரைதான் காயும்.

மேற்கு நார்வேயின் பெர்கன் நகரில் ஆண்டுக்கு 200 நாள்களுக்கு மேல் மழை பெய்கிறது என்பதால், வெளியே கொடியில் போடுவது பற்றி நான் யோசிப்பதே இல்லை. வெயில் கிடைத்தாலும் போடக்கூடாது. புற ஊதாக் கதிர்கள் லேடெக்ஸ் ரப்பரைப் பாழாக்கும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரைக்கு அடியில் மிதமான சூடு ஓடுவதால் அதுவே நல்ல உலர்த்தும் அறை. வீட்டிலுள்ள மற்றவர்கள் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது வேறு விஷயம். சுவரிலுள்ள ரேடியேட்டரின்மேல் போடும் பழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். அந்தச் சூட்டில் பசை தளர்ந்து, தையல்களை மூடும் ஒட்டுப்பட்டைகள் விளிம்பில் கிளம்பத் தொடங்கும்.

இரண்டு நைலான் அல்லது பாலியஸ்டர் அடுக்குகளுக்கு நடுவே பியூட்டில் ரப்பர் வைத்த மூவடுக்குத் துணியாலான சூட் ஓரிரவில் காய்ந்துவிடும். நியோபிரீன் எனும் நுரைரப்பராலான சூட்டுக்குக் கூடுதல் நாள் தேவை. அரைகுறை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை வந்துவிடும், அந்த நாற்றம் எளிதில் போகாது.

கழுத்திலும் மணிக்கட்டிலும் தோலை இறுகப் பிடித்து நீரைத் தடுக்கும் லேடெக்ஸ் சீல்கள்தான் சூட்டின் மிக மெல்லிய பகுதி. தோலின் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் போக மிதமான சோப்புநீரால் கழுவி, காய்ந்தபின் மணமில்லாத டால்க் தூவ வேண்டும். வாசனைப் பவுடரிலுள்ள எண்ணெய்ப்பொருள்கள் ரப்பரைக் கெடுக்கும். இயற்கை ரப்பரை ஓசோன் தாக்கும்போது, இழுபட்ட நிலையில் உள்ள இடங்களில்தான் வெடிப்புகள் தோன்றுகின்றன. ஆகவே மணிக்கட்டு சீல் சுருங்காமல் இருக்க பாட்டிலைச் செருகி மாதக்கணக்கில் வைப்பது, சீலை நாமே வெடிக்கச் சொல்வதற்குச் சமம். தீப்பொறி விடும் மின்மோட்டார்கள் ஓசோனை உண்டாக்குவதால், அத்தகைய கருவிகள் ஓடும் அறை சேமிப்புக்கு ஏற்றதன்று. செம்பும் லேடெக்ஸைச் சிதைக்கும். மடிக்கும்போது கழுத்து சீல், செம்பு கலந்த பித்தளை ஜிப்பின்மேல் படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிக்கோன் சீல்களுக்கு இந்தக் கவலைகள் குறைவு, ஆனால் அவை எளிதில் கிழியும்.

பித்தளை ஜிப்பின் பற்களை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, வெளிப்பக்கத்தில் பாரஃபின் மெழுகையோ தேன்மெழுகையோ தேய்த்துவிட்டு, திறந்த நிலையிலேயே வைக்கிறேன். பிளாஸ்டிக் ஜிப்புக்கு மெழுகு கூடாது. அது மூடிப் பொருந்தும் முனையில் சிறிது சிலிக்கோன் கிரீஸ் போதும். சிலிக்கோன் ஸ்ப்ரேயை எங்கும் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது சீலின் விளிம்பில் படிந்துவிட்டால், பிற்காலத்தில் புதிய சீலை ஒட்டும்போது பசை பிடிக்காமல் போகும்.

மூவடுக்குச் சூட்டைப் பூட்ஸிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தளர்வாகச் சுருட்டி, கைகளைச் சுற்றி மடித்து, ஜிப் எங்கும் கூர்மையாக வளையாதபடி அகலமான பையில் வைக்கலாம். நியோபிரீனை மடிப்பது நல்லதன்று. அதன் வாயுக்குமிழ்கள் மடிப்பில் நசுங்கி, அங்கே வெப்பம் காக்கும் திறன் குறையும். அகலத் தோள் கொண்ட ஹேங்கரில் தொங்கவிட்டு, கனமான பூட்ஸுக்குக் கீழே ஒரு தாங்கல் கொடுத்தால் தோள்கள் இழுபடாது. இருட்டும் குளிர்ச்சியும் ஈரமின்மையும் உள்ள இடமாக இருந்தால் வேறெதுவும் வேண்டாம். கடற்கரைக் குடிலில் விட்டுவருகிறவர்கள் எலியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் கிடந்த சூட்டை மீண்டும் எடுக்கும்போது, கடலுக்குப் போகும் நாளின் காலையில் அல்ல, அதற்கு ஒரு வாரம் முன்பே எடுப்பது என் வழக்கம். சீல்களை விரலால் மெதுவாக இழுத்து, பிசுபிசுப்போ நுண்ணிய வெடிப்போ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறேன். பிசுபிசுத்த லேடெக்ஸை டால்க் தூவி மறைப்பதில் பயனில்லை. அதை மாற்ற வேண்டியதுதான். பின்னர் சீல்களை அடைத்து, ஜிப்பை மூடி, சூட்டில் லேசாகக் காற்று நிரப்பி, சோப்புநீரைத் தையல்கள்மீதும் வால்வுகளைச் சுற்றியும் பூசினால், ஓட்டை இருக்குமிடத்தில் குமிழ் கிளம்பும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் கடைக்கு அனுப்பினால், வார இறுதிக்குள் சூட் திரும்பி வந்துவிடும்.