பிள்ளைகள் கூடினாலும் பணம் கூடாத பள்ளி மாவட்டம்

கலிபோர்னியாவில் உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குப் பணம் தலைக்கணக்கில் வருகிறது. 2013-இல் வந்த எல்.சி.எஃப்.எஃப். சூத்திரப்படி, பிள்ளைகளின் சராசரி தினசரி வருகையை வைத்து ஒரு மாவட்டத்துக்கு இவ்வளவு என்று மாநிலம் நிர்ணயிக்கும். உள்ளூர் சொத்து வரி அதற்குப் போதாவிட்டால் மிச்சத்தை மாநிலமே போடும். ஃப்ரீமான்ட் நகரின் மாவட்டம் இந்த வகை. பாலோ ஆல்டோவில் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதை மாவட்டம் வைத்துக்கொள்ளலாம். இந்த வகையை ‘பேசிக் எய்ட்’ மாவட்டம் என்பார்கள். இங்கே மாநிலத்திடமிருந்து தலைக்கணக்கில் வருவது, 2012-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 30-ஆம் முன்மொழிவின்படி பிள்ளைக்கு 200 டாலர் போன்ற சிறு தொகைகள்தான்.

ஆக, ஆகஸ்டில் நூறு பிள்ளைகள் கூடுதலாக வந்து நின்றால் ஆசிரியர் வேண்டும், வகுப்பறை வேண்டும். வருமானம் மட்டும் நூறு பேர் வராமலிருந்தால் எவ்வளவோ அவ்வளவேதான். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் இப்படிப்பட்ட மாவட்டத்தின் நிதிப் பிரிவில் நடக்கும் மற்ற எல்லாம் புரிந்துவிடும்.

பாலோ ஆல்டோவின் வருமானத்தைத் தீர்மானிப்பது, அது அடங்கிய சான்டா கிளாரா கவுன்டியின் அசெஸ்ஸர், அதாவது சொத்து மதிப்பீட்டு அலுவலர், தயாரிக்கும் மதிப்பீட்டுப் பட்டியல். 1978-இன் 13-ஆம் முன்மொழிவுப்படி அடிப்படை வரி, மதிப்பில் 1 சதவீதம். சொத்து கைமாறாத வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. விற்றால்தான் சந்தை விலைக்கு வரும். ஒரே தெருவில் நாற்பது வருடமாக இருப்பவர் கட்டும் வரிக்கும் போன மாதம் வாங்கியவர் கட்டும் வரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே வீட்டு விலை ஏறினால் மட்டும் போதாது, வீடுகள் விற்பனைக்கு வர வேண்டும். 2022-இல் வீட்டுக்கடன் வட்டி ஏறியதும், குறைந்த வட்டியில் கடன் வைத்திருந்தவர்கள் வீட்டை விற்காமல் இருந்துகொண்டார்கள். விலை உயரத்திலேயே இருந்தும் பட்டியல் வளரும் வேகம் தணிந்தது.

சிக்கல் தேதியில் இருக்கிறது. சொத்தின் மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி குறிக்கப்படுகிறது. அசெஸ்ஸர் பட்டியலை முடிப்பது ஜூலை தொடக்கத்தில். பட்ஜெட்டையோ ஜூன் 30-க்குள் கல்வி வாரியம் நிறைவேற்றியாக வேண்டும். எனவே அந்தப் பட்ஜெட் எப்போதுமே ஊகத்தின் மேல் நிற்கிறது. ஊகிக்கும் முறை இது: போன வருடப் பட்டியலை எடுத்து, பணவீக்க ஏற்றத்தைச் சேர்க்க வேண்டும். அது எப்போதும் முழு 2 சதவீதம் இராது, 2021-22-இல் 1.036 சதவீதம்தான். அதன்மேல் விற்பனையாலும் புதுக் கட்டடத்தாலும் வரும் உயர்வைக் கூட்டி, மதிப்பைக் குறைக்கச் சொல்லி நிறுவனங்கள் போட்டிருக்கும் மேல்முறையீடுகளுக்கு ஒரு தொகையைக் கழிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கழிவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பெரிய அலுவலக வளாகம் முறையீட்டில் ஜெயித்தால், ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்ட வருடங்களின் பணமும் திரும்பப் போகும். வருட நடுவில் வீடு கைமாறும்போது வரும் துணை வரியை நிரந்தர வருமானமாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அது ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் வற்றும். அதை நம்பி ஆசிரியர் பணியிடம் உருவாக்கக் கூடாது. சொத்து வரியாக 20 கோடி டாலர் வரும் மாவட்டத்தில் ஊகம் 1 சதவீதம் பிசகினால் 20 லட்சம் டாலர் துண்டு விழும். ஒரு டஜன் ஆசிரியர்களின் சம்பளம் அது.

பணம் வரும் மாதங்களும் சம்பள மாதங்களும் ஒத்துப்போவதில்லை. சொத்து வரியின் முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10 கடைசி நாள். கஜானா நிறைவது டிசம்பரிலும் ஏப்ரலிலும்தான். நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஆகஸ்டிலிருந்து எல்லோருக்கும் சம்பளம் போட்டாக வேண்டும். சம்பளமும் சலுகைகளும் மட்டுமே செலவில் 80 சதவீதத்துக்கு மேல். அதனால் அக்டோபர், நவம்பரில் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். சட்டம் கேட்கும் 3 சதவீதக் கையிருப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசிக் எய்ட் மாவட்டத்தை நடத்த நினைப்பது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. அது ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. பள்ளத்தைத் தாண்ட வேறு வழிகளும் உண்டு. மாவட்டத்தின் இன்னொரு நிதியிலிருந்து அதன் இருப்பில் 75 சதவீதம் வரை கைமாற்று வாங்கலாம். கவுன்டி கருவூலத்திடம் முன்பணம் கேட்கலாம். ஆனால் கருவூலம் ஏப்ரல் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்குப் பிறகு முன்பணம் தராது. ஜூலை முதல் ஜூன் வரை மாதவாரியான பணப்புழக்க அட்டவணை ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருந்தால் இந்த அவசரங்களில் பாதி வராது.

ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தால் ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் முன்னறிவிப்பும், மே 15-க்குள் இறுதி அறிவிப்பும் கொடுக்க வேண்டும். 2022 முதல் அலுவலக ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் போன்ற நிரந்தரப் பணியாளர்களுக்கும் இதே தேதிகள். அதாவது பட்டியல் முடிய மூன்று மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யச் சொல்கிறது சட்டம். பயத்தில் அதிகம் பேருக்கு நோட்டீஸ் அனுப்பி, மே மாதம் திரும்பப் பெறும் மாவட்டங்கள் உண்டு. நோட்டீஸ் வாங்கிய இளம் ஆசிரியர் ஏப்ரலிலேயே வேறு வேலை தேடிக்கொள்வார். இந்த வட்டாரத்து வாடகைக்கு இன்னொருவரைப் பிடிப்பது சுலபமில்லை.

செலவு யாரும் தொடாமலே ஏறும். பணி அனுபவத்துக்கேற்ப ஊதியப் படிநிலை ஏறுவதால் மட்டும் சம்பளச் செலவு ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் கூடும். ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் கட்டும் பங்கு 2013-14-இல் சம்பளத்தில் 8.25 சதவீதம், இப்போது 19.1. சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-லேயே சொன்ன மத்திய அரசு ஒரு வருடமும் அதை எட்டவில்லை. செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் டி.கே. எனும், கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய வகுப்பு, பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் என்பது 2025-26 முதல் நடைமுறை. சூத்திர மாவட்டங்களுக்கு அதற்குப் பணம் சேர்ந்து வருகிறது. பேசிக் எய்ட் மாவட்டம் இருப்பதிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் தன் மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் குடியிருப்புகளுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. அங்கிருந்து வரும் பிள்ளைகளும் பாலோ ஆல்டோ பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் செலவு என்று கணக்கு சொல்லும்போது, அந்த மனநிலை நிதிப் பிரிவிலிருந்து சேர்க்கை மேசைக்கு வழிந்துவிடக் கூடாது. முகவரிச் சோதனை தேவைதான். நகர எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல: பாலோ ஆல்டோ முகவரி உள்ள மன்ரோ பார்க் குடும்பங்கள் லாஸ் ஆல்டோஸ் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள், லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஒரு பகுதி பாலோ ஆல்டோ மாவட்டத்தில் வருகிறது. வீடு பார்ப்பவர்கள் ஊர்ப் பெயரை நம்பாமல் கதவு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் குடியேற்ற ஆவணம் கேட்கவே கூடாது. 1982-லேயே உச்ச நீதிமன்றம் முடித்த விஷயம் அது. நிலையான வீடில்லாமல், வண்டியிலோ உறவினர் வீட்டு வரவேற்பறையிலோ இடமின்றி ஒண்டியிருக்கும் குடும்பத்தின் பிள்ளையை, வாடகை ஒப்பந்தமும் தடுப்பூசிச் சீட்டும் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்கச் சொல்கிறது மெக்கினி-வென்டோ சட்டம். இதைக் கவனிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அவருடைய தொலைபேசி எண், சேர்க்கைப் படிவத்தை வாங்கும் ஊழியரின் மேசையிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.